ட்ரியர் மன அழுத்தச் சோதனையைப் பிசகாமல் நடத்துவது எப்படி

மன அழுத்தம் உடலை என்ன செய்கிறது என்று ஆராய வேண்டுமானால், முதலில் அந்த அழுத்தத்தை ஆய்வகத்துக்குள் உண்டாக்கியாக வேண்டும். வினாத்தாள் கொடுத்து "போன மாதம் எவ்வளவு டென்ஷன்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும், அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுவதைப் பார்க்க முடியாது. இதற்காக ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் ஆகியோர் உருவாக்கி 1993-இல் வெளியிட்ட ட்ரியர் மன அழுத்தச் சோதனைதான் இன்றும் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. 10 நிமிடம் தயாரிப்பு, 5 நிமிடம் வேலைக்கான நேர்காணல் பேச்சு, 5 நிமிடம் மனக்கணக்கு. அவ்வளவுதான். ஆனால் கவனக்குறைவாக நடத்தினால் வெறும் பேச்சுப் போட்டியாகிவிடும்.

ஏன் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். டிக்கர்சன், கெமனி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2004-இல் 208 ஆய்வக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வும், நிலைமை நம் கையில் இல்லை என்ற உணர்வும் சேரும்போதுதான் கார்டிசால் மிக அதிகமாக ஏறுகிறது. ஆகவே கணக்கை மேலும் கடினமாக்குவதில் மெனக்கெட வேண்டாம். உழைப்பையெல்லாம் எதிரில் உட்கார்ந்து பேச்சையும் கணக்கையும் கவனிக்கும் நடுவர்கள் மேல் போடுங்கள்.

நடுவர்கள்

இரண்டு அல்லது மூன்று பேர், ஆணும் பெண்ணும் கலந்து. பங்கேற்பாளருக்கு முன்பின் தெரியாதவர்களாக இருக்க வேண்டும். வெள்ளைக் கோட்டு, மேசை, கண்ணில் படும்படி மைக்கும் வீடியோ கேமராவும். பங்கேற்பாளர் நின்றுகொண்டே பேச வேண்டும். தயாரிப்பின்போது எழுதிய குறிப்புத்தாளை உள்ளே வந்ததும் வாங்கிவிடுங்கள்.

முகத்தில் எந்தச் சலனமும் கூடாது. கண்ணைப் பார்க்கலாம், சிரிக்கவோ தலையாட்டவோ கூடாது. நம்மூரில் இதுதான் பெரிய தொல்லை. எதிரில் ஒருவர் பேசும்போது "ம்" கொட்டாமல் இருக்க நமக்கு வராது. பேசுகிறவருக்கு அந்த ஒரு "ம்" போதும், ஆள் நிதானத்துக்கு வந்துவிடுவார். ஒத்திகையை வீடியோ எடுத்து, எத்தனை முறை தலை ஆடியது என்று நடுவர்களையே எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை பூஜ்ஜியமாகும்வரை ஒத்திகை தொடரட்டும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: முறைப்பது, நக்கலாகப் பார்ப்பது. அது வேறு சோதனை. முடிவுகளை மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது.

பேச்சு நின்றால் ஒரு நடுவர் சொல்ல வேண்டியது: "உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தொடருங்கள்." மறுபடியும் நின்றால் ஸ்டாப்வாட்ச் பார்த்து 20 விநாடி சும்மா இருக்க வேண்டும். புதிய நடுவர்கள் ஏழெட்டு விநாடியிலேயே பொறுக்காமல் கேள்வி கேட்டுவிடுவார்கள். பாதி வேலையை அந்த மௌனம்தான் செய்கிறது. அதன் பிறகே, முன்கூட்டி எழுதிவைத்த கேள்விகள்: "உங்களிடம் உள்ள குறைகள் என்ன?" என்பது போல.

அடுத்தது 1022-இலிருந்து 13, 13-ஆகக் கழிப்பது. இப்படி ஒரு கட்டம் இருப்பதை முன்பே சொல்லக் கூடாது. 1009, 996, 983, 970 என்று விடைத்தாளை அச்சிட்டு நடுவர் கையில் கொடுங்கள். நடுவரே தடுமாறினால் மரியாதை போய்விடும். பிழை வந்தால்: "தவறு. 1022-இலிருந்து மறுபடியும்." பங்கேற்பாளர் எந்த மொழியில் கணக்குப் படித்தாரோ அதில் சொல்லட்டும். ஆங்கில வழியில் படித்தவரைத் தமிழில் எண்ணச் சொன்னால் நீங்கள் அளப்பது மொழித் தடுமாற்றமாக இருக்கலாம்.

நேரமும் உணவும்

கார்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து பகலில் இறங்கும். காலையில் நடத்தினால் அந்த இறக்கத்திலேயே உங்கள் ஏற்றம் மறைந்துபோகும். பிற்பகல் 2 முதல் 6 மணிக்குள் வையுங்கள். மதியச் சாப்பாடே கார்டிசாலை ஏற்றும் என்பதால் ஒரு மணிக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். பிறகு காபி, டீ, சிகரெட் வேண்டாம். அதற்காகப் பட்டினியோடும் வரக் கூடாது. குளுக்கோஸ் குறைந்தவர்களுக்கு ஏற்றம் மங்கிவிடுகிறது என்று கிர்ஷ்பாம் குழு 1997-இல் காட்டியது. வந்ததும் எல்லோருக்கும் ஒரே அளவு, 200 மில்லி திராட்சைச் சாறு கொடுத்து, குறைந்தது 30 நிமிடம் உட்காரவையுங்கள். ரத்தமும் எடுப்பதானால் ஊசி குத்துவதே அழுத்தம்; கேனுலா (ரத்தம் எடுக்க நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) போட்ட பின் முக்கால் மணி நேரமாவது விடுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை, இன்ஹேலர் எடுப்பவர்களையும் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களையும் தவிருங்கள். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு உமிழ்நீர்க் கார்டிசால் ஏற்றம் குறைவு. மாதவிடாய்ச் சுழற்சியின் எந்தக் கட்டம் என்பதும் அளவை மாற்றும். இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே மறக்காமல் கேட்க வேண்டிய இன்னொன்று அதிமதுரம். தொண்டைக் கரகரப்புக்கு மென்றுகொண்டிருப்பவர் இருப்பார். உமிழ்நீர்ச் சுரப்பி கார்டிசாலைக் கார்டிசோனாக மாற்றும் நொதியை அது தடுக்கும். அளவு பொய்யாக உயரும்.

உமிழ்நீர்

கார்டிசாலை அளப்பது உமிழ்நீரில். மாதிரிகளைச் சோதனைக்குச் சற்று முன், முடிந்த உடனே, பிறகு 10, 20, 30, 45, 60 நிமிடங்களில் எடுங்கள். உச்சம் பெரும்பாலும் சோதனை முடிந்து 10 முதல் 20 நிமிடத்தில் வரும்; "உடனே" எடுத்த ஒன்றை மட்டும் வைத்து ஏற்றம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பஞ்சுருளை வைத்த மாதிரிக் குழாயானால் அந்தப் பஞ்சை ஒரு நிமிடம் வாயில் வைத்து மென்றால் போதும். வாய் கொப்பளித்தால் 10 நிமிடம் காத்திருங்கள், இல்லாவிட்டால் மாதிரி நீர்த்துவிடும். ஈறில் ரத்தம் கசிந்து மாதிரி சிவந்திருந்தால் ஒதுக்குங்கள். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் உறையவைத்து, உருக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் கொழகொழப்பு அடியில் தங்கிவிடும்.

அடிப்படை அளவிலிருந்து லிட்டருக்கு 1.5 நானோமோல் ஏறினால் எதிர்வினை உண்டு என்று கொள்ளலாம். இது மில்லர் குழு 2013-இல் முன்வைத்த வரம்பு. ஏறாதவர்கள் சிலர் எப்போதும் இருப்பார்கள். அவர்களைப் பகுப்பாய்விலிருந்து தூக்கிவிடாதீர்கள், தனியாகக் காட்டுங்கள். ஒப்பீட்டுக் குழுவைச் சும்மா உட்காரவைப்பதும் சரியல்ல: நடுவர் இல்லாத அறையில் அதே நேரம் பேசவிட்டு, 15, 15-ஆகக் கூட்டச் சொல்லுங்கள்.

சோதனையின் ஒரு பகுதியை மறைப்பதால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். முடிந்ததும் விளக்கமும் கட்டாயம். நடுவர்களே வந்து, முகம் இறுகியிருந்தது பயிற்சியால்தான், உங்கள் திறமையை யாரும் மதிப்பிடவில்லை என்று சிரித்துப் பேசட்டும். அதை எல்லோருக்கும் ஒரே நிமிடக் கணக்கில் செய்யுங்கள். ஒருவருக்கு உடனே, இன்னொருவருக்குக் கடைசி மாதிரிக்குப் பின் என்றால் கார்டிசால் இறங்கும் வேகத்தை ஒப்பிட முடியாது. வெளியே போய்ச் சொல்லக் கூடாதென்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தவருக்கு இரண்டாம் முறை ஏற்றம் வெகுவாகக் குறையும். விஷயம் தெரிந்து வருபவரிடமும் அந்தத் திகைப்பு இருக்காது. ஒரே விடுதியிலிருந்து ஆள் எடுப்பதானால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மெஸ்ஸில் சேதி பரவ அதற்கு மேல் ஆகாது.