அருவியை நோக்கி ஒரு தாவர நடை: ஜவ்வாது மலையில் குழுவை அழைத்துச் செல்லும் முறை

ஜவ்வாது மலையின் அருவிகளுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர், வண்டியை நிறுத்தியவுடன் தண்ணீர்ச் சத்தம் வரும் திசையில் இறங்கிவிடுகிறார்கள். வழியெங்கும் நிற்கும் காட்டை ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. அந்தக் காட்டை மரம் மரமாக அறிந்துகொண்டே நடந்து, கடைசியில் அருவியில் குளித்துத் திரும்பும் ஒரு நாள் நடையை எப்படி அமைப்பது என்பதைப் பல குழுக்களுடன் நடந்து பழகிய அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. வறண்ட சரிவில் தொடங்கி ஓடைக் கரையில் முடியும்படி பாதையைத் தேர்ந்துகொண்டு, தண்ணீர் நெருங்க நெருங்க மரங்கள் எப்படி மாறுகின்றன என்பதையே அன்றைய பாடமாக வைப்பேன். அப்படி நடந்து வந்தவர்களுக்கு, அருவி கண்ணில் படுவதற்கு முன்பே அது அருகில் இருப்பது தெரிந்துவிடும்.

குழுவிடம் முதலில் சொல்லவேண்டியது, இது மேகக்காடு அன்று என்பது. மார்கழி, தை மாதங்களின் காலைப் பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு ஜவ்வாது மலையையும் ஏலகிரியையும் அப்படி அழைப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையான மேகக்காட்டில் மேகம் ஆண்டின் பெரும்பகுதி மரங்களுக்கு இடையிலேயே தவழும். மழை பெய்யாத நாளிலும் இலைகளும் பாசிகளும் மேகத்திலிருந்து ஈரத்தை வடித்து நிலத்திற்குச் சொட்டும். கிளைகள் முழுவதும் பாசியும் ஆர்க்கிட் செடிகளும் மூடியிருக்கும். தமிழ்நாட்டில் அதற்கு நெருக்கமானவை நீலகிரியிலும் பழனி மலையிலும் உள்ள சோலைக்காடுகள். ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. கோடையில் இலை உதிர்க்கும் மரங்களே இங்கு மிகுதி. காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியுடன் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்திருப்பதையே இதற்குச் சான்றாகக் காட்டலாம்: மேகம் அகலாத மலையில் வானாய்வகம் கட்டமாட்டார்கள். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், இல்லாத ஒன்றைத் தேடாமல் இருக்கின்ற காட்டைப் பார்க்க மனம் தயாராகும்.

இடமும் காலமும் அனுமதியும்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக எட்டக்கூடிய அமிர்தி, மலையடிவாரக் காட்டைக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்ய ஏற்றது. முழுநாள் நடைக்குப் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை சென்று பீமன் அருவிப் பக்கம் நடப்பதையே நான் விரும்புகிறேன். ஏலகிரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜலகாம்பாறை அருகில் இருக்கிறது. கோடையில் இந்த அருவிகள் மெலிந்து, சில இடங்களில் வெறும் ஈரப்பாறையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையின் கனமழை நாட்களில் தண்ணீர் ஏராளமாக இருக்கும், ஆனால் அதில் இறங்கக் கூடாது. பருவமழையின் வேகம் தணிந்து ஓடை தெளிந்தபின், மார்கழியிலிருந்து தை வரை உள்ள வாரங்களே நடைக்கும் குளியலுக்கும் பொருந்திய காலம்.

காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தபின், மலையேற்றத்திற்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளுக்கு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற இணையப் பதிவு முறையைத் தொடங்கியது. ஏலகிரியின் சுவாமிமலைப் பாதை அதில் இடம்பெற்றுள்ளது. பட்டியலில் இல்லாத பாதையென்றால் வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேட்டு, அனுமதி கிடைத்தால் மட்டுமே போகவேண்டும். அருவிக்குச் செல்லும் பொது வழியில் நடப்பதற்கும், அதிலிருந்து விலகிக் காட்டுக்குள் நுழைவதற்கும் உள்ள எல்லையை வழிகாட்டுபவர் மறக்கக் கூடாது.

குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அதற்கு மேல் போனால் கடைசியில் வருபவருக்கு நீங்கள் காட்டிய இலை தெரியாது, ஆற்றில் நிற்கும்போது எல்லோரும் உங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களில் காட்டை அறிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொள்வது மிக முக்கியம். கூலியை முன்கூட்டியே பேசி முழுமையாகக் கொடுங்கள். வயதில் மூத்தவரை ‘ஐயா’ என்று அழைத்து, உங்கள் பாடத்துக்கு முன்னால் அவர் சொல்வதைக் குழு கேட்கும்படி செய்யுங்கள். ஒரு செடிக்குத் தாவரவியல் பெயர் எனக்குத் தெரிந்திருந்த பல இடங்களில், அது எந்த மாதம் காய்க்கும், எந்த விலங்கு அதைத் தின்னும், எந்தப் பாறைக்குப் பின்னால் இன்னொன்று நிற்கும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. மதிய உணவுக்குச் சாமைச் சோறும் குழம்பும் வேண்டுமென்று ஊரில் முந்தைய நாளே சொல்லிவைத்தால் கிடைக்கும்.

மரங்களைக் காட்டும் வரிசை

தொடக்க காலத்தில் நான் ஒரே நடையில் நாற்பது ஐம்பது பெயர்களைச் சொல்லிவிடுவேன். திரும்பி வரும்போது கேட்டால் நான்கு பெயர்கூட யாருக்கும் நினைவிருக்காது. இப்போது பத்துப் பன்னிரண்டு தாவரங்களோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்பும் நிதானமாக நிற்கிறேன்.

வறண்ட சரிவில் உசிலையோடு தொடங்கலாம். சிறு சிறு இலைகளாகப் பிரிந்த இதன் தழையை உலர்த்தி இடித்தால் கிடைப்பதே தலைக்குத் தேய்க்கும் அரப்பு. பொடியை வீட்டில் பார்த்தவர்கள் மரத்தை முதன்முறையாகப் பார்க்கும்போது அடையும் வியப்பே அன்றைய நடைக்குப் போதுமான தொடக்கம். அடுத்து வெப்பாலை. இதன் காம்பைக் கிள்ளினால் பால் வடியும், ஆனால் கிள்ளிக் காட்டவேண்டாம். இலைகளைத் தேங்காய் எண்ணெயில் இட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமாகும். அப்படித் தயாரித்த சிறு புட்டி ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுவந்து மரத்தடியில் காட்டுங்கள்.

கடுக்காய் மரத்தின் முன் சற்று அதிக நேரம் நிற்பது வழக்கம், ஏனெனில் வட ஆற்காட்டின் வரலாறு அதில் இருக்கிறது. குரோம் உப்பால் தோல் பதனிடும் முறை பரவுவதற்கு முன்பு, ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே தென்னிந்தியத் தோல் தொழிலின் முதுகெலும்பாக இருந்தன. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோலுக்குக் கடுக்காய் நீர் கொடுத்து நிறத்தைச் சீராக்குவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்தவர் குழுவில் இருந்தால், தோல் தொழிலில் இருந்த பெரியவர்களின் நினைவுகளை அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். அதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். கடுக்காயோடு தான்றியும் நெல்லியும் அருகில் இருந்தால், திரிபலாவின் மூன்று காய்களையும் ஒரே இடத்தில் காட்டிவிடலாம்.

சந்தனத்தைத் தேடிக்கொண்டு பாதையை விட்டு விலகாதீர்கள். வழியோரத்தில் எதிர்ப்பட்டால் மட்டும் சொல்லுங்கள். பட்டையைச் சுரண்டி முகர்ந்து பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். பட்டையில் மணம் இல்லை, முற்றிய மரத்தின் வைரம் எனப்படும் நடுக்கட்டையிலும் வேரிலுமே இருக்கிறது என்று சொன்னால் கை தானாக விலகும். தன் வேர்களால் பக்கத்து மரங்களின் வேர்களைப் பற்றி நீரும் உப்பும் உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி அது என்பதையும் சொல்லவேண்டும். சந்தனத்தைத் தனியாக நட்டால் தழைக்காமல் போவதன் காரணம் அதுதான்.

புதர் ஓரத்தில் மழைக்காலம் முடியும் வரை செங்காந்தள் பூத்திருக்கக்கூடும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கொடியைத் தாங்குவதையும், இதழ் பச்சையில் தொடங்கி மஞ்சளாகிச் சிவப்பதையும் காட்டுங்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான இதன் கிழங்கில் கோல்சிசின் என்ற கொடிய நஞ்சு உள்ளது என்பதைச் சொல்லாமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

தொடக்கூடாதவற்றை முதல் கால் மணி நேரத்திலேயே அடையாளம் காட்டிவிடுங்கள். சேராங்கொட்டையின் பால் தோலைக் கொப்புளமாக்கும். காஞ்சொறி சுணைத்து எரியும். பூனைக்காலிக் காயின் மேலுள்ள மயிர் ஒட்டினால் அரிப்புத் தாங்கமுடியாது. ஒருமுறை கல்லூரி மாணவர் ஒருவர் அந்தக் காயைப் பட்டுப்போல் இருக்கிறதென்று தடவிவிட்டு, அரித்த இடத்தைத் தேய்க்கத் தேய்க்க மயிர் முழங்கை வரை பரவிவிட்டது. தேய்க்காமல், ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி உரித்தால் மயிர் அதோடு வந்துவிடும். அன்று முதல் ஒட்டுநாடா இல்லாமல் நான் மலையேறுவதில்லை.

சரிவு இறங்கி நிழல் கூடும் இடத்தில் குழுவை நிறுத்தி, என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள். காற்றின் குளிர்ச்சியைத்தான் முதலில் சொல்வார்கள். பிறகு அத்தியைக் காட்டுங்கள். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் இந்த மரம் நீர் உள்ள இடத்தை விரும்புவது. அதைத் தாண்டினால் நாவல், புங்கை, நொச்சி. கடைசியாக நீர்மருது: வெளிறிய, வழுவழுப்பான பட்டை தகடு தகடாக உரிந்து நிற்கும், இலையடியில் இரு சிறு சுரப்பிகள் இருக்கும், காயில் ஐந்து விளிம்புகள் இறக்கைபோல் நீண்டிருக்கும். உதிர்ந்த காய் ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, “இனி ஓடை எவ்வளவு தூரம் இருக்கும்?” என்று கேட்பேன். சில நிமிடங்களில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். பாறையில் காய்ந்து கருத்த பாசியின் மேல் புட்டியிலிருந்து சிறிது நீர் ஊற்றி, அது மெல்லப் பசுமையாக மாறுவதையும், பெரணி இலையின் அடியில் விதைக்குப் பதிலாக உள்ள பழுப்புநிற வித்துப் புள்ளிகளையும் பார்க்கவைத்துவிட்டே அருவிக்கு இறங்குங்கள். குளித்தபின் யாரும் இவற்றைப் பார்க்கமாட்டார்கள்.

தண்ணீரில்

இந்த மலைகளில் நடப்பவர்களுக்கு எழுதப்பட்ட மிகப் பழைய வழிகாட்டி சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தர்களை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம், விழுந்தவரை மாய்க்கும் ஆழமான கயங்களும் அடியைத் தளரச் செய்யும் நுண்பாசியும் வழியில் உண்டு என்று எச்சரிக்கிறது. கொடி பின்னிய மரத்தைப் பற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு ஒருவரையொருவர் காத்துக் கடந்து செல்லுங்கள் என்று சொல்கிறது. இன்றும் அருவிகளில் நேரும் விபத்துகளுக்குக் காரணம் இவையே: பாசி வழுக்கு, ஆழம் தெரியாத மடு, கவனிக்காமல் விடப்பட்ட பிள்ளை.

ஆகவே முதலில் நீங்களும் உள்ளூர் வழிகாட்டியும் மட்டும் இறங்கி, நீண்ட கழியால் மடுவின் ஆழத்தை அளந்து, இடுப்பளவு நீர் வரை உள்ள இடத்தை எல்லையாகக் காட்டுங்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் அதே எல்லைதான். அருவி விழும் மடுவில் நீருக்கடியில் இழுக்கும் சுழல் இருக்கும், அது குளத்து நீச்சலுக்குக் கட்டுப்படாது. பாறைமேலிருந்து குதிப்பதை முற்றிலும் தடுத்துவிடுங்கள். அருவிக்கு நேர்கீழே தலையைக் கொடுக்கவேண்டாம், மேலிருந்து சிறு கல் வந்தாலும் மண்டை உடையும். புடவை நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும் என்பதால், பெண்கள் சுடிதார் போன்ற உடையோடு இறங்குவது நல்லது. அவர்கள் உடை மாற்ற இரண்டு பெரிய போர்வைகளும் கயிறும் எடுத்துச் செல்வது வழிகாட்டுபவரின் பொறுப்பு. இதைச் செய்யாத நடைகளில் பெண்கள் நனையாமலேயே கரையில் உட்கார்ந்து திரும்புவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஒருவர் எப்போதும் கரையில் நின்று நீரை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கவேண்டும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் திடீரென மிதந்து வந்தாலோ, சத்தம் கனத்தாலோ, காரணம் ஆராயாமல் எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் மழை கொட்டலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோனது. அன்று காலையில் மலைமேல் மழை மேகம் தெரிந்தால், குளியலை விட்டுவிட்டு நடையை மட்டும் நடத்துங்கள். குழு ஏமாற்றமடைந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அருவியை ஒட்டிய செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீயின் அடைகள் தொங்குவதுண்டு. வாசனைத் திரவியம் பூசி வரவேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். புகை மூட்டுவதும் கல் எறிவதும் கூடவே கூடாது. சோப்பும் ஷாம்பும் தண்ணீரில் சேரக் கூடாது, அந்த ஓடைதான் கீழே உள்ள ஊருக்குக் குடிநீர். குளியலை முடித்துக்கொண்டு சாப்பிடுங்கள், சாப்பிட்டபின் மீண்டும் இறங்க அனுமதிக்காதீர்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குள் ஏறத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே வண்டியை அடையலாம். புறப்படும் முன் ஆட்களை எண்ணுங்கள், கொண்டுவந்த பிளாஸ்டிக்கையும் எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது நீங்கள் பேசவேண்டியதில்லை. இப்போது மரங்கள் தலைகீழ் வரிசையில் வரும்: நீர்மருது, நொச்சி, புங்கை, நாவல், அத்தி, பிறகு கடுக்காயும் வெப்பாலையும் உசிலும். ஒவ்வொன்றின் முன்பும் ஒருவரை நிறுத்திப் பட்டையைத் தொட்டுப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். தவறாகச் சொன்னவரை அடுத்தவர் திருத்தட்டும், நீங்கள் முந்திக்கொள்ளவேண்டாம்.