சின்னத் தோட்டத்துக் காபி: முதல் கோப்பை போடுவது எப்படி?

ஒரு கிலோ பச்சைக் காபிக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் பறிக்க வேண்டியிருக்கிறது. நல்ல காபி விளைவிக்கும் சின்னக் குடும்பத் தோட்டங்களில், பழுத்ததை மட்டும் கையால் பறித்துவிட்டு, சில நாள் கழித்து அதே மரத்துக்கு மறுபடி வருவார்கள். பெரிய வேலையெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. நம் பங்கு, அதைக் கெடுக்காமல் வடிப்பதுதான். பாலும் சர்க்கரையும் இப்போதைக்கு வேண்டாம்.

1. பாக்கெட்டைப் படியுங்கள்

'ஸ்பெஷாலிட்டி' என்பது சுவை பார்ப்பவர்கள் 100-க்கு 80 மதிப்பெண்ணுக்குக் குறையாமல் போட்ட காபிக்குரிய பெயர். ஆனால் அட்டையில் யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். அதனால் நான் பார்ப்பது மூன்று: எங்கே விளைந்தது, எப்படிப் பதப்படுத்தினார்கள், எப்போது வறுத்தார்கள்.

தோட்டத்தின் பெயர் இல்லையென்று உடனே ஒதுக்கிவிடாதீர்கள். எத்தியோப்பியாவில் பல குடும்பங்கள் துண்டு நிலத்தில் விளைந்த பழத்தைப் பக்கத்திலுள்ள பதப்படுத்தும் நிலையத்துக்குக் கொடுத்துவிடும். பாக்கெட்டில் அந்த நிலையத்தின் பெயர்தான் இருக்கும்.

'வாஷ்டு' என்றால் தோலை நீக்கி, நொதிக்கவிட்டு, கழுவிக் காயவைத்தது. சுவை தெளிவாக இருக்கும், லேசான புளிப்பும் தெரியும். 'நேச்சுரல்' முழுப் பழமாகவே காய்ந்தது, பழவாசனை தூக்கல். 'ஹனி'யில் தேன் எதுவும் கிடையாது. கொட்டையில் ஒட்டியிருக்கும் பிசுபிசுப்பான சதையோடு காயவைப்பதால் அந்தப் பெயர். முதல் பாக்கெட்டுக்கு வாஷ்டு வாங்குங்கள், தவறு எங்கே என்று சுலபமாகத் தெரியும்.

வறுத்த தேதி இல்லாமல் காலாவதித் தேதி மட்டும் இருந்தால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

2. எடை, அரைப்பு

கொட்டை 15 கிராம், தண்ணீர் 240 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம். லேசாக வறுத்த கொட்டை அடர்த்தியானது, ஒரே கரண்டியில் எடை கூடுதலாக வந்துவிடும். குடிக்கும் நேரத்தில் அரையுங்கள். பதம், தூள் உப்பைவிடச் சற்றுப் பருமன்.

3. ஊற்றுங்கள்

கோப்பைமேல் கூம்பு வடிவ வடிகட்டியை வையுங்கள். பேப்பர் ஃபில்டரை அதற்குள் வைத்து வெந்நீரால் நனைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்; காகித வாடை போய்விடும்.

தண்ணீர் 92 முதல் 96 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லையா? கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுங்கள், போதும்.

அரைத்த தூளை ஃபில்டரில் போட்டு, முதலில் 40 கிராம் நீர் மட்டும் ஊற்றிவிட்டு 40 விநாடி காத்திருங்கள். தூள் உப்பி நுரைக்கும். வறுத்தபோது உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியேறுகிறது. கொஞ்சம்கூட உப்பவில்லையென்றால் கொட்டை பழசாகிவிட்டது என்று சந்தேகப்படலாம். அப்புறம் மீதி நீரை இரண்டு மூன்று தவணையாக, வட்டமாக ஊற்றுங்கள். மொத்தம் 3 நிமிடத்தை ஒட்டி வடிந்துவிட வேண்டும்.

4. திருத்துங்கள்

முதல் கோப்பை பெரும்பாலும் சரியாக வராது. என்னுடையது ஒரே புளிப்பு. மறுநாள் அரைப்பு, தண்ணீர், சூடு மூன்றையும் சேர்த்து மாற்றினேன். எது எதைச் செய்தது என்றே தெரியாமல் அரைப் பாக்கெட் தீர்ந்தது. அரைப்பை மட்டும் மாற்றுங்கள். வெடுக்கென்று புளித்தால் இன்னும் நைசாக, கசந்து நாக்கு வறண்டால் இன்னும் பருமனாக.

கோப்பையைச் சூட்டோடு காலிசெய்துவிடாதீர்கள். பாதி ஆறிய பிறகுதான் இனிப்பு எட்டிப் பார்க்கும்.