சோதனைகளில் மிதவைப் புள்ளி எண்களை ஒப்பிடும் முறை

0.1 உடன் 0.2 ஐக் கூட்டி, விடை 0.3 க்குச் சமமா என்று பார்த்தால், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் முதலிய நிரல்மொழிகளில் அந்தச் சோதனை தோற்றுவிடும். ஏனெனில் கிடைக்கும் விடை 0.30000000000000004. மிதவைப் புள்ளி எண்கள், அதாவது கணினி கையாளும் தசம எண்கள், 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் மட்டும் ஆன இரும வடிவில் சேமிக்கப்படுகின்றன, 0.1 ஐ அவ்வடிவில் துல்லியமாக எழுத இயலாது.

ஆகவே சமமா என்று கேட்காமல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏற்கத்தக்க வரம்புக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வரம்பைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். 0.000001 என்ற நிலையான வரம்பு 1 ஐ ஒட்டிய விடைகளுக்குப் பொருந்தும். ஆனால் ஓர் எண்ணை 64 இரும இலக்கங்களில் சேமிக்கும் 64 பிட் வடிவில், 10 இன் 16ஆம் அடுக்கைத் தாண்டியதும் அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலேயே 2 என்ற இடைவெளி இருப்பதால், அங்கே அந்த வரம்பு நேரடிச் சமன் சோதனையாகவே மாறிவிடும். பெரிய எண்களுக்கு, மதிப்பில் இத்தனை பங்கு என்னும் சார்பு வரம்பே உகந்தது. இரு எண்கள் போதிய அளவு நெருங்கியுள்ளனவா என்று பார்க்கும் பைத்தானின் ஈஸ்குளோஸ் (isclose) செயற்கூறு இயல்பாக நூறு கோடியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

எதிர்பார்க்கும் விடை சுழியமாக இருந்தால் சார்பு வரம்பு உதவாது; சுழியத்தில் எத்தனை பங்கு எடுத்தாலும் சுழியமே. அங்கே நிலையான வரம்பையும் சேர்த்தே கொடுங்கள். தோற்ற சோதனையை வெல்லவைப்பதற்காக மட்டும் வரம்பைத் தளர்த்துவது, என் பார்வையில், பிழையை மறைப்பதே. பொருளற்ற கணக்குகளுக்கு விடையாக வரும் 'எண் அல்ல' (NaN) என்னும் சிறப்பு மதிப்பு தனக்குத்தானே சமமாகாது என்பதால், அதைத் தனியே சோதியுங்கள்.