ஓடாத படத்தில் நல்ல படம் பொறுக்குவது எப்படி?

"பார்க்க ஒண்ணுமே இல்லை" என்று புலம்பிக்கொண்டே ரிமோட்டை அரை மணி நேரம் மேலும் கீழும் தள்ளிவிட்டு, கடைசியில் வசனம் மனப்பாடமான வடிவேலு காமெடியையே மறுபடி போட்டுப் பார்த்துத் தூங்கிப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பல வருஷம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று படமாவது "அட, இதை எப்படி விட்டோம்?" என்று கேட்கிற மாதிரி மாட்டுகிறது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் வரிசையாகச் செய்து பாருங்கள்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்வோம். ஓடாத படங்களில் பெரும்பாலானவை ஓடாததற்கு நியாயமான காரணம் உண்டு, அவை மோசமான படங்கள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அடிதான் விழும், நானும் வாங்கியிருக்கிறேன். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் படம் ஏன் ஓடவில்லை? காரணம் படத்துக்கு வெளியே இருந்தால் (தேதி, போட்டி, போஸ்டர், ஹீரோ பெயர்) பார்க்கலாம். படத்துக்குள்ளேயே இருந்தால் விட்டுவிடலாம். கீழே இருக்கிற படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடுகிற வழிகள்தான்.

படி 1: பண்டிகைப் பட்டியலை எடுங்கள்

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு வருஷத்துக்கும் தமிழ்ப் படங்களின் பட்டியல் இருக்கிறது. பொங்கல், சித்திரை 1, தீபாவளி, இந்த மூன்று வாரங்களை மட்டும் பாருங்கள். பெரிய ஹீரோ படத்தை அடித்துவிட்டு, அதே நாளில் வந்த இரண்டாவது, மூன்றாவது படத்தின் மேல் கையை வையுங்கள். நம் ஊரில் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போகிறவர்கள் பண்டிகைக்கு ஒரு படம்தான் பார்ப்பார்கள், இன்னொன்றுக்குக் காசும் கிடையாது நேரமும் கிடையாது.

2005 சித்திரை 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ரஜினியின் சந்திரமுகி, அது சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடிய படம். இன்னொரு பக்கம் விஜய்யின் சச்சின். இரண்டுக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டது கமலின் மும்பை எக்ஸ்பிரஸ். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், இளையராஜா இசை. கமல் இதில் காது சரியாகக் கேட்காத, மரணக் கிணற்றில் பைக் ஓட்டுகிற ஆள். ஒரு பையனைக் கடத்தப் போகிற அரைவேக்காட்டுக் கும்பலோடு சேர்ந்துகொள்கிறார். கிரேனை வைத்துக்கொண்டு ஒரு கடத்தல் எவ்வளவு அசட்டுத்தனமாகப் போக முடியுமோ அவ்வளவும் நடக்கிறது. தலைவர் படம் பார்க்கத் திருவிழா மூடில் வந்தவர்களுக்கு, விசிலடிக்க ஒரு இடம்கூட இல்லாத இந்தப் படம் ஒட்டவில்லை, அவ்வளவுதான். இப்போது வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் பசுபதியும் வையாபுரியும் முழிக்கிற முழிக்கே சிரிப்பு வருகிறது. டிஜிட்டலில் எடுத்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று என்பதால் படம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

2003 பொங்கலுக்கும் இதே கதைதான். விக்ரம் நடித்த 'தூள்' தூள் கிளப்பியது, கமலின் அன்பே சிவம் படுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்குமே இசை வித்யாசாகர். ஆனால் அன்பே சிவத்தை இன்னமும் "கவனிக்கப்படாத படம்" என்று சொன்னால் அடிக்க வருவார்கள், அதைப் பார்க்காத ஆளே இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

2010 தீபாவளியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மைனா, உத்தமபுத்திரன் கூடவே 'வ' என்று ஓர் எழுத்துப் படம் வந்தது. முதலில் வைத்த பெயர் குவாட்டர் கட்டிங். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று அப்போது இருந்ததால் 'வ' ஆனது. பழைய தமிழ்க் கணக்கில் கால் என்பதற்கு 'வ' என்றுதான் எழுதுவார்கள், அதாவது குவாட்டருக்குச் சுத்தமான தமிழ்! இந்தக் குறும்பு எத்தனை பேருக்குப் புரிந்தது என்று தெரியவில்லை. சவுதிக்குக் கிளம்புகிற ஒருவன், போவதற்கு முந்தைய ராத்திரி ஒரு குவாட்டருக்காகச் சென்னை முழுக்க அலைகிறான், கடை எல்லாம் மூடியிருக்கிற நாள். முழுப் படமும் அவ்வளவுதான். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் கிறுக்குத்தனமான படம். எனக்குப் பிடித்தது.

படி 2: ஹிட் கொடுத்த டைரக்டரின் பழைய கணக்கைப் பாருங்கள்

இதுதான் இருப்பதிலேயே சுலபம், முதல் தடவை தேடுகிறவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். உங்களுக்குப் பிடித்த ஒரு ஹிட் படத்தை எடுங்கள், டைரக்டர் பெயரைப் பாருங்கள், அதற்கு முன்னால் என்ன எடுத்தார் என்று தேடுங்கள்.

விக்ரம் வேதா (2017) பிடித்ததா? புஷ்கர் காயத்ரி. மேலே சொன்ன 'வ' அவர்கள் படம்தான். அதற்கும் முன்னால் 2007-ல் ஆர்யாவை வைத்து ஓரம் போ என்று சென்னை ஆட்டோ ரேஸ் பற்றி ஒரு படம் எடுத்தார்கள்.

மகாராஜா (2024) பிடித்ததா? அதன் டைரக்டர் நித்திலன் சாமிநாதன் 2017-ல் எடுத்த முதல் படம் குரங்கு பொம்மை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிலைக் கடத்தல் செய்கிற முதலாளியிடம் விசுவாசமாக வேலை பார்க்கிற அப்பாவாகப் பாரதிராஜா, சென்னையில் இருக்கிற மகனாக விதார்த். குரங்குப் படம் போட்ட ஒரு பை இவர்களைச் சுற்றிக் கை மாறிக்கொண்டே இருக்கிறது. மகாராஜாவில் ஒரு சாதாரணக் குப்பைத் தொட்டிக்கு லட்சுமி என்று பெயர் வைத்து அதைப் பிடித்துக்கொண்டே கதையை நகர்த்தினாரே, அந்த வித்தையை ஏழு வருஷம் முன்னாலேயே ஒரு பையை வைத்துச் செய்து பார்த்துவிட்டார். முன்னால் நடந்ததைப் பின்னால் காட்டி, நாம் ஒன்று நினைக்க இன்னொன்று நடக்கிற அந்தக் கோர்வையும் இதிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் இசை அஜனீஷ் லோக்நாத். கடைசியில் பாரதிராஜாவும் குமரவேலும் எதிரெதிரே இருக்கிற காட்சி ஒன்று வரும். அதைப் பற்றி யாரிடமும் கேட்காமல் போய்ப் பாருங்கள்.

டைரக்டர் மணிகண்டன் விஷயத்தில் முன்னால் இல்லை, ஹிட்டுக்குப் பின்னால் தேட வேண்டும். காக்கா முட்டையைப் பார்த்த எல்லோரும் அடுத்த வருஷம், 2016 செப்டம்பரில், ஒரே மாதத்தில் அவருடைய இரண்டு படங்கள் வந்ததைக் கவனித்தார்களா என்றால் இல்லை. ஒன்று குற்றமே தண்டனை, இன்னொன்று ஆண்டவன் கட்டளை. இரண்டாவது கொஞ்சம் பேசப்பட்டது, விஜய் சேதுபதி இருந்ததால். முதலாவதை அநியாயத்துக்கு விட்டுவிட்டோம்.

படி 3: பெரிய ஸ்டார் அல்லாத ஒரு நடிகரைப் பின்தொடருங்கள்

போஸ்டரில் முகம் தெரியாததால் மட்டுமே விடுபட்ட படங்கள் நிறைய. அதனால் கதையைத் தேர்ந்தெடுத்து நடிக்கிற ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் படங்களை வரிசையாகப் பார்ப்பது நல்ல வழி. நான் பிடித்தது விதார்த்தை. மைனாவுக்குப் பிறகு அவரை மறந்தே போயிருந்தேன். ஆனால் 2016, 2017 இரண்டே வருஷத்தில் மூன்று நல்ல படங்கள் வைத்திருக்கிறார். குரங்கு பொம்மையைச் சொல்லிவிட்டேன்.

குற்றமே தண்டனையில் அவருக்குக் கண்ணில் கோளாறு, பக்கவாட்டில் எதுவும் தெரியாது, ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணால் ஒரு கொலை சம்பந்தப்பட்ட காட்சியைப் பார்த்துவிடுகிறார். சிகிச்சைக்குப் பணம் வேண்டும், சாட்சிக்கு விலை உண்டு. அவர் பார்க்கிற விதத்திலேயே நமக்கும் திரை வட்டமாகச் சுருங்கும்போது சட்டென்று சுற்றியுள்ள இருட்டில் என்ன இருக்கிறதோ என்று ஒரு பதற்றம் வருகிறது பாருங்கள், அதைப் பெரிய திரையில் அனுபவிக்காமல் போனோமே என்றிருந்தது. பாட்டே கிடையாது, பின்னணி இசை மட்டும், இளையராஜா.

மூன்றாவது ஒரு கிடாயின் கருணை மனு. 2017 ஜூனில் வந்தது, சுரேஷ் சங்கையா இயக்கிய முதல் படம். புதுசாகக் கல்யாணமான ஜோடி, குலசாமிக்குக் கிடா வெட்டச் சொந்தபந்தத்தோடு லாரியில் கிளம்புகிறார்கள். வழியில் லாரியில் ஒரு ஆள் அடிபட்டுச் செத்துவிடுகிறார். பிணத்தை வைத்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் என்ன செய்வது என்று பேசுகிறது. அந்தப் பேச்சுதான் படம். ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்ல, அதை இன்னொரு சொந்தக்காரர் மறுக்க, நடுவில் பழைய குடும்பச் சண்டை ஒன்று கிளம்ப, கிடா பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். நம் வீட்டு விசேஷங்களில் கேட்ட அதே குரல்கள்.

படி 4: பழைய விமர்சனத்தைத் தலைகீழாகப் படியுங்கள்

படம் வந்த வாரத்தில் எழுதிய விமர்சனத்தைத் தேடுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், எதைக் குறை சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். "நடிப்பு செயற்கை", "திரைக்கதையில் ஓட்டை", "லாஜிக்கே இல்லை" என்றால் விட்டுவிடுங்கள். "பாட்டு இல்லை", "காமெடி டிராக் இல்லை", "குடும்பத்தோடு பார்க்க முடியாது", "இரண்டாம் பாதி புரியவில்லை" என்றெல்லாம் இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

"பாட்டு இல்லை" என்பதற்கு ஓநாயும் ஆட்டுக்குட்டியும் (2013). ராஜா ராணி வந்த அதே நாளில் வந்தது. டைரக்டர் மிஷ்கின் தானே தெருவில் இறங்கிப் போஸ்டர் ஒட்டினார். பெரும்பாலும் ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. கல்லறையில் அவர் ஒரு கதை சொல்கிற காட்சி வரும்போது யாராவது போன் செய்தால் எடுக்காதீர்கள்.

"குடும்பத்தோடு பார்க்க முடியாது" என்பதற்கு ஆரண்ய காண்டம் (2011). சென்சாரில் 52 வெட்டு கேட்டார்கள், தீர்ப்பாயம் வரை போய் வந்தது. தியேட்டரில் காற்று வாங்கியது, அப்புறம் அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது வாங்கியது. குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள், நிஜமாகவே.

"புரியவில்லை" என்பதற்கு ஆயிரத்தில் ஒருவன், 2010. இடைவேளை வரை காணாமல் போன ஓர் ஆராய்ச்சியாளரைத் தேடிப் போகிற படம். பார்த்திபன் சோழ மன்னனாக வந்த பிறகு படமே வேறு. அந்தச் சோழர்கள் பேசுகிற பழந்தமிழ் தியேட்டர் இரைச்சலில் பாதிப் பேருக்குக் காதில் விழவே இல்லை, நானும் அந்தப் பாதியில் ஒருவன். வீட்டில் சப்டைட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் வசனம் முழுசாகப் பிடிபட்டது. தமிழ்ப் படத்துக்கு சப்டைட்டிலா என்று வெட்கப்படாதீர்கள். 2021 டிசம்பர் கடைசியில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது கூட்டம் கூட்டமாகப் போய்க் கைதட்டினார்கள், பதினொரு வருஷம் தாமதமாக.

படி 5: தேடும்போது எழுத்தைக் கவனியுங்கள்

சின்ன விஷயம், ஆனால் பாதிப் பேர் இங்கேதான் "கிடைக்கவில்லை" என்று கைவிடுகிறார்கள். ஓடிடியில் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அவரவர் இஷ்டத்துக்கு எழுதி வைத்திருப்பார்கள். 'குற்றமே' என்பதை ஒருவர் ஒரு 'டி' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு போட்டு நடுவில் 'ஆர்' சேர்ப்பார். இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லையா, நடிகர் பெயரைப் போடுங்கள், கண்டிப்பாக மாட்டும். இன்னொன்று, ஆயிரத்தில் ஒருவன் என்று தேடினால் 1965-ல் வந்த எம்.ஜி.ஆர். படமும் வரும். அதுவும் நல்ல படம்தான், ஆனால் நாம் தேடியது அது இல்லை. வருஷத்தைப் பார்த்து அழுத்துங்கள்.

படி 6: பார்க்கிற அன்று

டிரெய்லர் பார்க்காதீர்கள். விக்கிப்பீடியாவில் தேதியும் பெயரும் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதைப் பகுதிக்குப் போனால் கடைசிக் காட்சி வரை சொல்லிவிடுவார்கள்.

முப்பது நிமிடம் கொடுங்கள். அதற்குள் யார் மேலாவது ஒரு அக்கறை வரவில்லை என்றால் குற்ற உணர்ச்சியே இல்லாமல் நிறுத்திவிடுங்கள், நாம் என்ன சம்பளத்துக்கா பார்க்கிறோம். அந்த முப்பது நிமிடம் போன் வேறு அறையில் இருக்க வேண்டும். இந்தப் படங்களில் முக்கியமான விஷயத்தை இரண்டு தடவை சொல்லமாட்டார்கள், ஒரு வாட்ஸப் பார்த்து நிமிர்வதற்குள் பை கை மாறியிருக்கும்.

"செம படம், கட்டாயம் பார்" என்று சொல்லி வீட்டில் யாரையும் உட்கார வைக்கவும் வேண்டாம். எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டால் பத்தாவது நிமிடம் "இதுக்கா?" என்று கேட்பார்கள். நான் கிடாயின் கருணை மனுவைப் போட்டபோது ஒன்றும் சொல்லவில்லை, சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அடுப்படியில் இருந்த அம்மா லாரியில் சொந்தக்காரர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அப்புறம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "இந்தாளு நம்ம பெரிய மாமா மாதிரியே பேசுறான்" என்றாள். ஒன்றே கால் மணி நேரம் நகரவில்லை. பத்தே முக்காலுக்குத் தூக்கம் சொக்க எழுந்தவள், "ஏம்ப்பா, அந்தக் கிடாய வெட்டுறாங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லு, நான் போய்ப் படுக்கணும்" என்று கேட்டாள்.

நான் சொல்லவில்லை. திட்டிக்கொண்டே போய்ப் படுத்தாள். மறுநாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் டிவி முன்னால் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து போடச் சொல்லி.