பிஆர்பி: ஊசிக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

முடி உதிர்வுக்குப் போடும் பிஆர்பி ஊசிக்காக உங்களிடம் எடுத்த ரத்தம், சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தில் சுழன்று வெளியே வந்த டியூபை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அடியில் அடர் சிவப்பு. மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா. இரண்டுக்கும் நடுவே காகிதத் தடிமனில் வெளுத்த ஒரு படலம். (ஜெல் வைத்த டியூப் என்றால் நடுவில் ஜெல்லும் தெரியும்.) ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அந்த எல்லையை ஒட்டித்தான் அதிகம் திரண்டிருக்கும். அந்தப் பகுதியை உறிஞ்சி, முடி மெலிந்த இடங்களில் சிறு சிறு ஊசிகளாக இறக்குவதுதான் பிஆர்பி (PRP), அதாவது தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. தட்டணுக்களில் இருந்து கசியும் வளர்ச்சிக் காரணிகள் வேர்க்கால்களை உசுப்பிவிடும், முடியை வளரும் பருவத்தில் இன்னும் கொஞ்ச காலம் பிடித்து வைக்கும் என்பது இதன் பின்னால் உள்ள கணக்கு.

உசுப்ப வேண்டுமென்றால் வேர்க்காலில் உயிர் இருக்க வேண்டும். முடி பூனைமுடியாக மெலிந்துவரும் தலைக்கு இது உதவலாம். பல வருடங்களாகப் பளபளவென்று கிடக்கும் சொட்டையில் எத்தனை சிட்டிங் போட்டாலும் புது வேர்க்கால் முளைக்காது.

எதனால் கொட்டுகிறது என்று தெரியாமலே உட்கார்வது

என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இது ஒன்றுக்கு ஈடாகாது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி டயட் இவற்றில் ஏதோ ஒன்று நடந்து, 2 அல்லது 3 மாதம் கழித்து, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். பயந்துபோய் ஓடுவோம். ஆனால் இந்த வகை உதிர்வு பெரும்பாலும் 6 மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். இடையில் பிஆர்பி போட்டிருந்தால், தானாக வந்த முடிக்கு ஊசி பெயர் வாங்கிக்கொள்ளும். போட்டவரும் சந்தோஷமாக அடுத்தவருக்குச் சிபாரிசு செய்வார்.

இரும்புச்சத்துக் குறைவாலும் தைராய்டு கோளாறாலும் கொட்டும் முடிக்கும் முதல் வைத்தியம் ஊசி அல்ல. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பு), தைராய்டு பரிசோதனைகளைப் பார்க்காமல், லென்ஸ் வைத்து உச்சந்தலையைக் கூடப் பார்க்காமல், நேராகப் பேக்கேஜ் பற்றிப் பேச ஆரம்பிக்கும் இடத்தில் இருந்து எழுந்து வந்துவிடலாம். தலையில் எரிச்சல், அரிப்பு, வலி இருந்து, முடி போன இடத்தில் துவாரமே தெரியாமல் தோல் வழவழப்பாகி இருந்தால் அது தழும்பாகும் வகையாக இருக்கலாம். அங்கே ஒவ்வொரு மாதமும் முக்கியம். தோலில் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி வரை போக வேண்டி வரலாம். அந்த மாதங்களைப் பிஆர்பியில் கழித்தால் போன வேர்க்கால் திரும்பாது.

ஊசி வந்தாயிற்று என்று மருந்தை நிறுத்துவது

பரம்பரை வழுக்கையில், டிஹெச்டி என்ற ஹார்மோனின் தாக்கத்தில்தான் வேர்க்கால் சுருங்குகிறது. பிஆர்பி அந்த ஹார்மோனைத் தொடுவதில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, முடிக்காகத் தலையில் தடவும் மினாக்சிடிலை 1988-லும், ஆண்களுக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரையை 1997-லும் அங்கீகரித்தது. பிஆர்பிக்கு முடி வளர்ச்சிக்கென்று அப்படியோர் அங்கீகாரம் இல்லை. ஆய்வுகளில் பலன் தெரிகிறது, ஆனால் தயாரிக்கும் முறை ஆளுக்கு ஆள் மாறுவதால் முடிவுகளும் மாறுகின்றன. எனவே இதை மருந்துக்குத் துணையாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மருந்தை நிறுத்தினால் ஒரு பக்கம் ஏறுவது இன்னொரு பக்கம் இறங்கிவிடும்.

மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவது

ஆஸ்பிரின் ஒரு தட்டணுவை முடக்கினால், அதன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை முடக்கியதுதான். அதனால்தான் ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபன், டைக்ளோஃபினாக் வேண்டாம் என்கிறார்கள். ஊசி போட்ட அன்று மாலை தலை விண்விண்ணென்று தெறிக்கும்போது, பையில் இருக்கும் வலி மாத்திரையைக் கை தேடும். பாராசிட்டமால் போதும். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ எடுப்பவர்கள் முடிக்காக அதைத் தாமாக நிறுத்தவே கூடாது. தட்டணு எண்ணிக்கை குறைவானவர்கள், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், தலையில் புண்ணோ தொற்றோ உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் ரத்தம்தானே என்ற அலட்சியம்

நம் ரத்தம் நமக்கே வருவதால் ஆபத்தில்லை என்பது பாதி உண்மை. நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில், முகத்துக்கு பிஆர்பி போட்டுக்கொண்ட 3 பெண்களுக்கு ஹெச்ஐவி தொற்றியதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் வெளியிட்டது. பெயர் ஒட்டாத ரத்த டியூப்கள் அங்கே சமையலறை மேடையில் கிடந்தன. டியூபும் ஊசியும் உங்கள் கண் முன்னே உறை பிரிக்கப்பட வேண்டும், டியூபில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இன்னும் ஒன்று. ரத்தத்தில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் தட்டணுக்கள் இருக்கும். பிஆர்பியில் 10 லட்சம் அளவுக்கு ஏற்ற வேண்டும் என்பது பலரும் வைக்கும் இலக்கு. எத்தனை மடங்கு செறிவு வருகிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில், சிரிஞ்சில் இருப்பது வெறும் பிளாஸ்மாவாகவும் இருக்கலாம். அது செக்கச் செவேலென்று இருந்தால் சிவப்பணுக்கள் கலந்திருக்கின்றன.

போட்ட அன்று தலைக்குக் குளிப்பது, அந்த வாரத்திலேயே டை அடிப்பது, நேராக ஜிம்முக்குப் போவது இதெல்லாம் வேண்டாம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒரே மாதத்தில் கண்ணாடி பார்ப்பது

முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ.தான் வளரும். வழக்கமாக மாதம் ஒன்றாக 3 சிட்டிங், பிறகு 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு. 6 மாதத்துக்கு முன் தீர்ப்பு சொல்ல முடியாது. அதையும் கண்ணாடி சொல்லாது, போட்டோதான் சொல்லும். அதிலும் நான் கோட்டை விட்டேன். முதல் படம் குளித்து ஈரத்தோடு, குளியலறை விளக்குக்கு நேர் கீழே எடுத்தது. நாலாம் மாதப் படம் காய்ந்த முடியோடு ஜன்னலோரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆனந்தப்பட்டுக்கொண்டிருந்தேன். மருத்துவர் பார்த்துவிட்டு, "முதல் படத்தில் தண்ணீர்தான் தெரிகிறது" என்றார். இப்போது அதே ஜன்னல், காலை 8 மணி, காய்ந்த முடி, நடு வகிடு.