டிமென்ஷியா உள்ளவரைச் சண்டையில்லாமல் குளிப்பாட்டுவது எப்படி

"நாலு நாளாச்சு, குளிக்க வைக்கக் கிட்டப் போனாலே அடிக்க வர்றார்." டிமென்ஷியா, அதாவது நினைவும் புரிதலும் மெல்ல மங்கும் மறதி நோய், உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும். அவர் பிடிப்பது அடம் இல்லை, பயம். யாரென்று பிடிபடாத ஒருவர் வந்து உடையைக் கழற்றுகிறார். குளிர்கிறது, தரை வழுக்குகிறது, சொல்லாமல் கொள்ளாமல் தலையில் ஒரு மக் தண்ணீர் விழுகிறது. கையை ஓங்காமல் வேறென்ன செய்வார்?

அமெரிக்காவில் 15 பராமரிப்பு இல்லங்களில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அவரவர் இயல்புக்கு ஏற்பக் குளிப்பாட்டும் விதத்தை மாற்றிப் பார்த்தார்கள். குளிக்கும்போது அடிப்பது, கிள்ளுவது போன்றவை 53 சதவீதம் குறைந்தன. படுக்கையிலேயே ஈரத்துண்டால் குளிப்பாட்டியபோது 60 சதவீதம் குறைந்தன.

குளியலறையை முதலில் சரிசெய்யுங்கள்

வெள்ளை டைல்ஸில் போட்ட வெள்ளை நாற்காலி அவர் கண்ணுக்குத் தெரியாது. நீலமோ சிவப்போ வாங்குங்கள். மணையும் ஸ்டூலும் வேண்டாம். முதுகும் கைப்பிடியும் உள்ள, கால்களில் ரப்பர் பூண் போட்ட நாற்காலிதான் வேண்டும். கறுப்பு மிதியடி அவருக்குப் பள்ளமாகத் தெரியும், காலை வைக்க மாட்டார். கண்ணாடியில் தெரியும் உருவத்தை வேற்று ஆள் என்று நினைத்து மிரள்கிறார் என்றால் அதைத் துணியால் மூடிவிடுங்கள். துண்டு மாட்டும் கம்பி உடல் பாரத்தைத் தாங்காது. பிடித்து எழுவதற்குச் சுவரில் தனிக் கைப்பிடி பதிக்க வேண்டும். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. வெப்பமானி இருந்தால் 37, 38 டிகிரி. கலந்ததும் கீசரை அணைத்துவிடுங்கள். 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், சுடுகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாமலும் போகலாம்.

இரண்டு பெரிய துண்டு, இரண்டு சின்னத் துணி, சோப்பு, மாற்று உடை எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். "இருங்க, துண்டு எடுத்துட்டு வர்றேன்" என்று நகரும் அந்த ஒரு நிமிடத்தில்தான் அவர் எழுந்து வழுக்கி விழுவார்.

காலில் தொடங்குங்கள்

"குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "வாங்கப்பா, கால் கழுவிக்கலாம்" என்று கூப்பிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் தோளில் ஒரு துண்டு, மடியில் ஒரு துண்டு. துண்டை முழுதாக எடுக்காமல், கழுவும் இடத்தை மட்டும் விலக்கிக் கழுவி உடனே மூடுங்கள். மாமனாரை மருமகள் குளிப்பாட்ட வேண்டிய வீடுகளில் இந்தத் துண்டுதான் இருவருடைய கூச்சத்தையும் காக்கும்.

முதல் மக் தண்ணீர் பாதத்தில். அடுத்து முழங்கால், கை, தோள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரே வரியில் சொல்லுங்கள். சோப்பை அவர் கையில் கொடுத்து, அவர் கைக்குக் கீழே உங்கள் கையை வைத்து நகர்த்தினால், பழகிய கை தானாகவே தேய்க்கத் தொடங்கும். முகத்தையும் அந்தரங்க இடங்களையும் கடைசியில், வெவ்வேறு துணிகளால் கழுவுங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சிறுநீர்த் தொற்று வரலாம்.

தலைக்குக் குளிப்பதை வேறு நாளில் வையுங்கள், வாரம் ஒருமுறை போதும். வெள்ளி, சனி எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ளவர் என்றால் அதையே பிடித்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் மறந்தவருக்கும் நல்லெண்ணெய் வாசம் நினைவிருக்கக்கூடும். ஆனால் எண்ணெயை அறையிலேயே தேய்த்து, உள்ளங்காலைத் துடைத்துவிட்டு அழைத்துப் போங்கள். சீயக்காய் கண்ணில் பட்டால் அடுத்த வாரம் பக்கத்திலேயே விடமாட்டார். தலையைப் பின்னால் சாய்த்து, நெற்றியில் ஒரு சின்னத் துணியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஊற்றுங்கள்.

நடுவில் கத்தினாலோ கையைத் தட்டிவிட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள். உடம்பை மூடி, துடைத்து, அறைக்கு அழைத்து வந்துவிடுங்கள். அரைமணி கழித்து, முடிந்தால் வேறொருவர் கூப்பிடட்டும். இறுக்கிப் பிடித்துக் குளிப்பாட்டினால் நடந்ததை அவர் மறந்துவிடலாம். பயம் மட்டும் தங்கிவிடும், நாளைக்குக் குளியலறை வாசலிலேயே நின்றுவிடுவார்.

கையைத் தூக்கும்போது மட்டும் கத்தினால் தோள் வலியாக இருக்கும். குளிப்பதற்கு முன்பே வலி மாத்திரை தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சட்டையை நல்ல கையிலிருந்து முதலில் கழற்ற வேண்டும், போடும்போது வலிக்கிற கையில் முதலில் போட வேண்டும்.

தினமும் முழுக்குளியல் கட்டாயமில்லை. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் போதும். மற்ற நாட்களில் முகம், அக்குள், தொடையிடுக்கு, பாதம் கழுவினால் சரி. அந்தி நேரத்தில் குழப்பம் கூடுகிறவர் என்றால் காலையில் முடித்துவிடுங்கள்.

படுக்கையிலேயே குளிப்பாட்டுவதானால் இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு குழந்தைச் சோப்புத் திரவம் கலந்து, பெரிய துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்திலிருந்து பாதம்வரை போர்த்துங்கள். துண்டின் மேலேயே மெல்ல அழுத்தித் தேய்த்து, வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்கும் இதேதான்.

துடைக்கும்போது ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மடிப்புகளில் பவுடர் போட்டால் ஈரத்தில் கட்டிதட்டிப் புண்ணாகும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதுவரை ஒத்துழைத்தவர் ஒரே நாளில் மூர்க்கமாக மாறினாலோ, வழக்கமில்லாமல் தூங்கி வழிந்தாலோ, நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுவது, புதிய மாத்திரை என்று காரணம் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பார்த்துக்கொள்ளும் ஆள் மாறும்போது பழகியதெல்லாம் குலைந்துபோகும். அதனால் குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: அவரை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும், எந்தத் தோள் வலிக்கும், எந்தப் பாட்டைப் போட்டால் கூடவே பாடுவார், எந்தத் துண்டு அவருடையது.