லாரி விபத்துக்குப் பின் சட்ட உதவி தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையாறு வழியாகச் செல்லும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரி மோதி உயிரையோ கை கால்களையோ இழந்தவர்களின் இழப்பீட்டு வழக்குகளை நடத்தி வருகிறேன். மருத்துவ ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லித் தர வேண்டியதில்லை. புதிதாக வரும் குடும்பங்கள் மீண்டும் மீண்டும் சறுக்குவது வேறு இடங்களில்.

படிக்காமல் கையெழுத்திடுதல்

பாலக்காட்டுத் தமிழர்களில் பலர் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து இளைஞர் ஒருவர், பின்விளக்கு எரியாமல் இருட்டில் நிறுத்தப்பட்டிருந்த லாரியில் பைக்கோடு மோதிக் காலை இழந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றிருந்த அவருடைய அண்ணன், போலீசார் மலையாளத்தில் எழுதிய வாக்குமூலத்தில் அந்த நள்ளிரவில் அப்படியே கையெழுத்திட்டார். விளக்கு எரியாததைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பைக் அதிவேகமாக வந்தது என்று மட்டும் இருந்தது. இன்சூரன்ஸ் தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. தவறில் அவருக்கும் பங்குண்டு என்று தீர்ப்பாயம் இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஏனெனில், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தவறாக எழுதப்பட்டிருந்தால், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே சம்பவ இடத்துப் புகைப்படங்களோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

மருத்துவமனைத் தரகர்

வழக்கறிஞருக்கு ஆள் பிடிக்க மருத்துவமனைக்கே வரும் தரகர் நீட்டும் நிரப்பாத வக்காலத்தில் (வழக்கறிஞரை நியமிக்கும் படிவத்தில்) கையெழுத்திடாதீர்கள். இழப்பீட்டில் சதவீதம் கேட்கும் வழக்கறிஞர் பார் கவுன்சில் விதியை மீறுகிறார்.

விபத்து நடந்த ஊரில்தான் வழக்கு என்று எண்ணுதல்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகிய மூன்றில் எந்தப் பகுதித் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். வாளையாற்றில் அடிபட்ட கோவைக்காரர், ஊன்றுகோலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாலக்காட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

காலம் கடத்துதல்

விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற கெடு, 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இருக்கிறது.

ஆவணம் இல்லாத லாரி என்று கைவிடுதல்

ஓட்டுநரின் உரிமம் காலாவதியாகிவிட்டது, இனி ஒன்றும் கிடைக்காது என்று லாரி உரிமையாளரின் ஆள் சொன்னதை நம்பி, கையில் கொடுத்த சிறு தொகையோடு ஒதுங்கிவிடுகிறார்கள். அத்தகைய பல வழக்குகளில், இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் உத்தரவிட்டுள்ளன. எனவே பர்மிட், தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்கி, வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே முடிவெடுங்கள்.